கல்லும் மாறுகிறது, கல்பு மாறாதா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், கியாமத் நாள் வரை அவர்களைப் பின்பற்றி நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இந்த உரையை வீட்டிலிருந்து வாசிக்கும் சகோதரிகளே! தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வை அஞ்சி நடந்துகொள்ளுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு இருக்கிறது. "அவன் கல் நெஞ்சக்காரன், அவன் மாறவே மாட்டான்." சொத்துப் பிரித்த நாளிலிருந்து பேசாமல் இருக்கும் தம்பியைப் பற்றி அண்ணன் இப்படிச் சொல்கிறார். குடிப் பழக்கத்தில் விழுந்த மகனைப் பற்றி அத்தா சொல்கிறார். மருமகளைப் பற்றி மாமி சொல்கிறார், மாமியைப் பற்றி மருமகளும் சொல்கிறாள். தொழுகை விட்டுப்போன சிலர் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்கிறார்கள்: "ஹஜ்ரத், என் மனசு கல்லாகிவிட்டது. எத்தனை பயான் கேட்டாலும் ஒன்றும் ஏறவில்லை."

இவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தை உறுதி என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். கல் என்றால் மாறாது என்பதுதான் அது. அது உண்மையா? கல் மாறாத பொருளா? இன்று இதைத்தான் நாம் சிந்திக்கப் போகிறோம்.

கல்லைவிடக் கடினம் என்று அல்லாஹ் ஏன் சொன்னான்?

அல்பகரா அத்தியாயத்தின் 74வது வசனத்தைப் பாருங்கள். பனூ இஸ்ராயீல் சமூகம் அல்லாஹ்வின் அத்தாட்சிகளைக் கண்ணால் கண்டது. கண்ட பிறகும் அவர்களுடைய உள்ளங்கள் இறுகின. கல்லைப் போல, அல்லது கல்லையும்விடக் கடினமாக அவை ஆகிவிட்டதாக அல்லாஹ் சொல்கிறான். அதோடு நிறுத்தவில்லை. கல்லுக்காக வாதாடுவது போல மூன்று செய்திகளையும் சேர்த்துச் சொல்கிறான். கற்களில் ஆறுகள் பீறிட்டு ஓடும் கல் உண்டு. பிளந்து தண்ணீர் கசியும் கல் உண்டு. அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழும் கல்லும் உண்டு.

கவனியுங்கள். கல் பிளக்கிறது, கசிகிறது, விழுகிறது. மூன்றுமே மாற்றங்கள். கல் தன் இடத்தில் தன் நிலையில் அப்படியே நிற்பதாக இந்த வசனம் சொல்லவில்லை. மாறுகின்ற ஒன்றாகத்தான் கல்லைக் காட்டுகிறது. அப்படியானால், கல்லைவிடக் கடினம் என்ற கண்டனத்தின் பொருள் இதுதான்: கல்கூட இடம் கொடுக்கிறது, நீ இடம் கொடுக்க மறுக்கிறாய்.

ஆகவே ஒருவரை நாம் கல் என்று சொல்லி ஒதுக்கும்போது, கல்லையும் தவறாகப் புரிந்துகொள்கிறோம், அந்த மனிதரையும் தவறாக எடைபோடுகிறோம்.

பாறைகளின் மூன்று குடும்பங்கள்

ஃபாத்திர் அத்தியாயத்தின் 27வது வசனத்தில் மலைகளைப் பார்க்கச் சொல்கிறான் அல்லாஹ். வெண்மையான கோடுகளும், பலவகைச் சிவப்பும், அடர்ந்த கறுப்பும் மலைகளில் இருப்பதை எடுத்துக்காட்டுகிறான். அடுத்த வசனத்திலேயே, அடியார்களில் அறிவுடையோரே அல்லாஹ்வை உரியபடி அஞ்சுகிறார்கள் என்ற கருத்து வருகிறது. மலையின் நிறத்தைக் கவனிப்பதும் அல்லாஹ்வை அஞ்சுவதும் அடுத்தடுத்த வசனங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன.

குர்ஆன் பாறையியல் பாடப் புத்தகம் அல்ல. நேர்வழி காட்டும் வேதம். அதன் வசனங்களை இன்றைய விஞ்ஞானத்தோடு வலிந்து ஒட்டவைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் படைப்பைக் கூர்ந்து பார் என்று அது சொல்லும்போது பார்ப்பது நம் கடமை. முன்னோர்கள் பார்த்தார்கள். ஹிஜ்ரி 428இல், அதாவது 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது 'கிதாபுஷ் ஷிஃபா'வில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். ஜைஹூன் ஆற்றங்கரையில் மக்கள் தலைகழுவப் பயன்படுத்தும் களிமண்ணைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார். சுமார் 23 ஆண்டுகள் கழித்து அது மென்மையான கல்லாக இறுகியிருப்பதைக் காண்கிறார். அவர் காலத்தவரான அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், மலைக்கு அருகே ஆற்றுக் கற்கள் பெரிதாக இருப்பதையும், தூரம் செல்லச் செல்லச் சிறுத்து, முகத்துவாரத்துக்கு அருகே மணலாகிவிடுவதையும் கவனித்துச் சொல்கிறார். வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்றும் முடிவு செய்கிறார்.

ஒருவர் மண் கல்லாவதைப் பார்த்தார். இன்னொருவர் கல் மண்ணாவதைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்தால் ஒரு சுழற்சி கிடைக்கிறது. இன்று பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் அதைப் பாறைச் சுழற்சி என்று படிக்கிறார்கள். பாறைகள் மூன்று குடும்பம். பூமிக்குள் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகினால் தீப்பாறை. மழையும் வெயிலும் காற்றும் பாறையை உடைத்து, ஆறு அதை அள்ளிச் சென்று, அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப்பாறை. இந்த இரண்டில் எதுவானாலும், பூமியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகி வேறு உருவம் பெற்றால் உருமாறிய பாறை. இவற்றில் எந்தக் குடும்பமும் மற்றக் குடும்பமாக மாறலாம். லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆனால் மாறும்.

இனி, இந்த மூன்று மாற்றங்களையும் நம் உள்ளத்தோடு வைத்துப் பார்ப்போம். இது உவமைதான். ஆனால் உள்ளத்துக்குக் கல்லை உவமையாக வைத்தவன் அல்லாஹ்.

நெருப்பில் உருகியது: ஹிஜ்ரி 654இல் மதீனா

உம்ரா சென்றவர்கள் மதீனாவைச் சுற்றிலும் கறுப்பு நிறக் கல்வெளியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஹர்ரா என்று பெயர். கையில் எடுத்துப் பார்த்தால் பல கற்களில் சிறுசிறு துளைகள் இருக்கும். அவை எரிமலைக் குழம்பு இறுகும்போது அதிலிருந்த வாயு விட்டுச்சென்ற தடம். இப்படிப்பட்ட இரண்டு கல்வெளிகளுக்கு இடைப்பட்ட பகுதியைத்தான் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் ஹரமாக அறிவித்தார்கள்.

அந்தக் கற்கள் எல்லாம் ஆதிகாலத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஹிஜ்ரி 654, ஜுமாதல் ஆகிர் மாதம். ஆங்கில ஆண்டு 1256. மதீனா பல நாள் அதிர்ந்தது. பிறகு ஊருக்குத் தென்கிழக்கே ஹர்ராவில் பூமி பிளந்து நெருப்பாறு கிளம்பியது. சுமார் 23 கிலோமீட்டர் தூரம் ஓடிய அந்தக் குழம்பு, நகரத்துக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவு வரை வந்து நின்றது. ஹிஜாஸ் பூமியிலிருந்து ஒரு நெருப்பு கிளம்பும், அதன் வெளிச்சத்தில் ஷாம் நாட்டின் புஸ்ராவிலுள்ள ஒட்டகங்களின் கழுத்துகள் தெரியும், அதற்கு முன் மறுமை நாள் வராது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தம் காலத்தில் மதீனாவில் வெளிப்பட்ட இந்த நெருப்பைப் பற்றி முஸ்லிம் நூலின் விரிவுரையில் குறிப்பிடுகிறார்கள்.

அந்த இரவுகளில் மதீனாவாசிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கிருந்து வந்த மடல்களை அபூஷாமா என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்தார். அவரிடமிருந்து இப்னு கஸீர் (ரஹ்) எடுத்து எழுதுகிறார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மஸ்ஜிதுந் நபவியில் கூடி அழுது பாவமன்னிப்புத் தேடினார்கள். ஊரின் நீதிபதி நேராக அமீரிடம் போய், வேதனை நம்மைச் சூழ்ந்துவிட்டது, அல்லாஹ்விடம் திரும்புங்கள் என்று எச்சரித்தார். அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்தார். மக்களிடமிருந்து எடுத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்.

சகோதரர்களே! அந்த அமீரின் கையில் அந்தப் பொருள்கள் எத்தனை நாள் இருந்தனவோ! அதுவரை அவரிடம் எத்தனை பேர் வந்து கெஞ்சினார்களோ! பூமியின் பாறை உருகிய அன்று அவர் உள்ளமும் உருகியது. சிலருடைய உள்ளத்தை மெதுவான உபதேசம் அசைப்பதில்லை. ஒரு நோய், ஒரு விபத்து, ஒரு மையித் வீடு, தொழிலில் ஒரு பெரிய நஷ்டம் என்று ஏதாவது ஒரு நெருப்பு வரும்போதுதான் அது உருகுகிறது.

உங்கள் வாழ்வில் அப்படி ஒரு நெருப்பு வந்திருந்தால், அதை அழிவு என்று மட்டும் பார்க்காதீர்கள். உருகிய குழம்பு வெகுநேரம் குழம்பாக இருப்பதில்லை. காற்றுப் பட்டதும் மேல்பக்கம் இறுகத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த நிய்யத்தை, வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே செயலாக்கிவிடுங்கள். இறுகிய பின் கஷ்டம்.

அடுக்கடுக்காகப் படிந்தது: நாம் அறியாமல் கல்லாகும் வழி

இரண்டாவது வகை படிவுப்பாறை. இதில் நெருப்பு இல்லை, சத்தமும் இல்லை. கருங்கல்லில் மழை படுகிறது. மழைநீரில் காற்றிலுள்ள கரியமில வாயு கலந்து இலேசான புளிப்பு ஏறியிருக்கும். அது கல்லின் ஒரு பகுதியைக் களிமண்ணாக்குகிறது, மீதி மணலாக உதிர்கிறது. ஆறு அள்ளிச் சென்று அடியில் போடுகிறது. ஒரு படலம் காகித அளவுதான். அதன் மேல் இன்னொன்று. மேலே ஏற ஏற அடியில் உள்ளது நசுங்குகிறது. இடையில் இருந்த தண்ணீர் பிழிந்து வெளியேறுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் பிற தாதுக்களும் சிமெண்டு போல மணல்களுக்கு நடுவே இறங்கி ஒட்டவைக்கின்றன. ஒரு நாள் பார்த்தால் பாறை. எந்த நாளில் பாறை ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளம் பெரும்பாலும் இப்படித்தான் கல்லாகிறது. திர்மிதியில் இடம்பெறும் ஹதீஸின் கருத்து உங்களுக்குத் தெரியும். அடியான் ஒரு பாவம் செய்தால் அவன் உள்ளத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது. விலகிப் பாவமன்னிப்புத் தேடினால் அது துடைக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் செய்தால் புள்ளிகள் பெருகி உள்ளத்தையே மூடிவிடுகின்றன. அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் 14வது வசனத்தில் 'ரான்' என்று அல்லாஹ் சொன்ன துரு இதுதான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

ஒரே நாளில் எந்த மகனும் தாயை மறப்பதில்லை. முதலில் தினமும் பேசினான். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு வேலை அதிகம். பிறகு பெருநாளைக்கு மட்டும். ஒவ்வொன்றும் காகித அளவுதான். ஃபஜ்ரு போனதும் அப்படித்தான், வட்டி வந்ததும் அப்படித்தான், பொய் பழகியதும் அப்படித்தான். "இதில் என்ன இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லித்தான் படலம் ஏறியது.

இதில் காலத்துக்கும் பங்கு உண்டு. அல்ஹதீத் அத்தியாயத்தின் 16வது வசனத்தில், இறைநம்பிக்கையாளர்களின் உள்ளங்கள் அல்லாஹ்வின் நினைவுக்காக நெகிழ இன்னும் நேரம் வரவில்லையா என்று அல்லாஹ் கேட்கிறான். முன்பு வேதம் கொடுக்கப்பட்டவர்கள் மீது காலம் நீண்டது, அதனால் அவர்கள் உள்ளங்கள் இறுகின என்று எச்சரிக்கிறான். உடனே 17வது வசனத்தில், இறந்த பூமியை அவனே உயிர்ப்பிக்கிறான் என்பதை அறிந்துகொள்ளச் சொல்கிறான். எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே நம்பிக்கையை வைத்துவிட்டான். வழிப்பறிக் கொள்ளைக்காரராக இருந்த ஃபுளைல் பின் இயாள் (ரஹ்) அவர்கள் ஓர் இரவில் இந்த வசனம் ஓதப்படுவதைக் கேட்டு, நேரம் வந்துவிட்டது இறைவா என்று திரும்பியதாக வரலாற்றில் படிக்கிறோம். பிற்காலத்தில் ஹரம் ஷரீஃபின் வணக்கசாலி என்று மக்கள் சொல்லும் அளவுக்கு உயர்ந்தார்கள்.

படலம் படலமாகத் தீமை படியும் என்றால், நன்மையும் அப்படித்தான் வேலை செய்யும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்ற நபிமொழி புகாரி, முஸ்லிமில் உள்ளது. ஒரு பக்கம் குர்ஆன், நூறு இஸ்திஃபார், தாய்க்கு ஒரு அழைப்பு. நாள் தவறாமல் இதைச் செய்து பாருங்கள்.

உருமாறியது: ஹரமின் தரையும் உமரின் உள்ளமும்

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வகை.

மக்காவில் நடுப்பகல் வெயிலில் தவாஃப் செய்தவர்களைக் கேளுங்கள். மேலே வெயில் கொளுத்தும், காலுக்குக் கீழே தரை குளிர்ந்திருக்கும். தண்ணீர்க் குழாய் ஓடுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது கல்லின் தன்மை. கிரேக்க நாட்டின் தாசோஸ் தீவிலிருந்து வரும் வெண்மையான சலவைக்கல் அது. சூரிய ஒளியையும் வெப்பத்தையும் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்.

சலவைக்கல் என்பது என்ன? உருமாறிய பாறை. அதன் மூலம் சுண்ணாம்புக்கல் வகைப் பாறைதான். சுண்ணாம்புக்கல்லின் மூலமோ பெரும்பாலும் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள். சிப்பியும் சங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் மடிந்து அடியில் படிந்து, இறுகி, சுண்ணாம்புக்கல்லாயின. அது பூமிக்குள் ஆழமாகப் புதைந்து கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளானது. இங்கே ஒரு நுட்பம் கவனியுங்கள். அது உருகவில்லை. கல்லாகவே இருந்துகொண்டு, உள்ளுக்குள் இருந்த நுண்துகள்கள் மட்டும் புதிதாக, பெரிய படிகங்களாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. சுண்ணாம்புக்கல்லில் என்ன பொருள் இருந்ததோ அதே பொருள்தான் சலவைக்கல்லிலும் இருக்கிறது. அமைப்பு மட்டும் புதியது. அந்தப் புது அமைப்புதான் அதற்குப் பளபளப்பைத் தந்தது.

இப்போது உமர் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் முஸ்லிம்கள் ஹபஷாவுக்குப் புறப்படும் நேரம். ஆமிர் பின் ரபீஆ (ரலி) அவர்களின் மனைவி உம்மு அப்தில்லாஹ் (ரலி) பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அப்போது இஸ்லாத்தை ஏற்காமல் முஸ்லிம்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த உமர் அங்கே வந்தார். நாட்டைவிட்டே போகிறீர்களா என்று விசாரித்தார். அவர் முகத்தில் அதுவரை காணாத ஓர் இரக்கத்தை அந்த அம்மையார் கண்டார்கள். கணவர் வந்ததும் சொன்னார்கள். கணவரோ நம்பவில்லை. கத்தாபின் கழுதை இஸ்லாத்தை ஏற்றாலும் ஏற்கும், இவர் ஏற்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். இப்னு இஸ்ஹாக் தமது ஸீராவில் பதிவு செய்யும் நிகழ்ச்சி இது.

சொன்னவர் சாதாரண மனிதர் அல்ல, ஒரு நபித்தோழர். அவர் பட்ட துன்பம் அவரை அப்படிப் பேசவைத்தது. ஆனால் அல்லாஹ்வின் தீர்ப்பு வேறாக இருந்தது. உமர் மாறினார். அவருடைய உறுதி எங்கே போனது? எங்கும் போகவில்லை. அதே உறுதி, அதே வேகம், அதே அஞ்சாமை. அமைப்பு மட்டும் மாறியது. முன்பு பலவீனர்களுக்கு எதிராக நின்ற உறுதி, பிறகு பலவீனர்களுக்காக நின்றது. மனிதர்கள் தங்கம், வெள்ளிச் சுரங்கங்களைப் போன்றவர்கள், அறியாமைக் காலத்தில் சிறந்தவர்களாக இருந்தோர் மார்க்கத்தை விளங்கிக்கொண்டால் இஸ்லாத்திலும் சிறந்தவர்களே என்ற கருத்துள்ள நபிமொழியின் பொருள் இங்கே நமக்குப் புரிகிறது.

கலீஃபாவான பின் ஓர் இரவு, பணியாளர் அஸ்லமுடன் உமர் (ரலி) மதீனாவுக்கு வெளியே போகிறார்கள். போன இடம் எது தெரியுமா? ஹர்ரத் வாக்கிம். நாம் முன்பு பார்த்த கறுப்புக் கல்வெளியின் ஒரு பகுதி. அங்கே ஒரு பெண், பசியால் அழும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். உமர் (ரலி) ஓடிப்போய் மாவையும் கொழுப்பையும் தம் முதுகிலேயே சுமந்து வருகிறார்கள். நான் சுமக்கிறேன் என்ற அஸ்லமிடம், மறுமையில் என் பாவச் சுமையை நீ சுமப்பாயா என்று கேட்கிறார்கள். தாமே குனிந்து அடுப்பை ஊதுகிறார்கள். தாடிக்கு இடையே புகை வருகிறது. பிள்ளைகள் வயிறார உண்டு சிரிப்பதைப் பார்த்த பிறகே திரும்புகிறார்கள்.

கழுதை மாறினாலும் மாறும், இவர் மாறமாட்டார் என்று சொல்லப்பட்ட மனிதர் இவர்தான். உம்மு அப்தில்லாஹ் (ரலி) கண்ட அந்தச் சிறு இரக்கத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். எல்லாரும் கல்லைப் பார்த்தபோது, ஒரு பெண் அதில் கசிந்த ஒரு துளி நீரைப் பார்த்தார்கள்.

உங்கள் தம்பியிடமும் அப்படி ஒரு துளி எப்போதாவது கசிந்திருக்கும். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் யாரிடமோ நலம் விசாரித்திருப்பார். ஜனாஸாவில் தூரத்தில் நின்று உங்களைப் பார்த்திருப்பார். நீங்கள் அதைப் பார்த்தீர்களா, அல்லது பார்த்தும் பார்க்காதது போல் இருந்தீர்களா?

மாறியவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடலாமா?

பாறைச் சுழற்சியில் கடைசி நிலை என்று ஒன்று கிடையாது. சலவைக்கல்லும் மழையில் கரையும். நூற்றாண்டுகள் மழையில் நின்ற சலவைக்கல்லில் செதுக்கிய எழுத்துகள் மங்கிப்போவது அதனால்தான். நேற்று மண்ணாக இருந்தது இன்று கல், இன்று கல்லாக இருப்பது நாளை மண்.

ஹஜருல் அஸ்வத் சுவர்க்கத்திலிருந்து இறங்கியபோது பாலைவிட வெண்மையாக இருந்தது, ஆதமின் மக்களுடைய பாவங்கள் அதைக் கறுப்பாக்கின என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. பாவம் செய்யாத கல்லையே மற்றவர்களின் பாவம் கறுக்க வைத்தது என்றால், பாவம் செய்யும் உள்ளத்தின் நிலை என்ன?

அரபியில் உள்ளத்துக்கு 'கல்பு' என்று பெயர். புரளுவது, திரும்புவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். பாறை புரள யுகங்கள் ஆகும், கல்பு புரள ஒரு நொடி போதும். அதனால்தான் உள்ளங்களைப் புரட்டும் இறைவனிடம், தம் உள்ளத்தை மார்க்கத்தில் உறுதியாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் மிக அதிகமாக துஆ செய்வார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். பாவம் மன்னிக்கப்பட்ட நபியே அப்படிக் கேட்டார்கள் என்றால், நேற்றுத் தவ்பா செய்துவிட்டு இன்று மற்றவர்களைக் குறை சொல்லத் தொடங்கும் நாம் எத்தனை முறை கேட்க வேண்டும்!

இன்று நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் உள்ளம் இறுகியிருப்பதாக உணர்ந்தால், அதற்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன மருந்தை எடுங்கள். தம் உள்ளம் கடினமாக இருப்பதாக ஒருவர் முறையிட்டபோது, அநாதையின் தலையைத் தடவும்படியும் ஏழைக்கு உணவளிக்கும்படியும் சொன்னார்கள் என்று அஹ்மதில் பதிவாகியுள்ளது. இன்னும் அதிகமாக யோசி என்று சொல்லவில்லை. கைக்கு வேலை கொடுத்தார்கள். கை இளகினால் உள்ளம் இளகும். உங்கள் தெருவில் தகப்பனை இழந்த ஒரு பிள்ளை இருக்கும். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள்.

இரண்டாவது, மண்ணறைக்குப் போய் வாருங்கள். அங்கே கல்லும் மண்ணும் நமக்குச் சொல்லும் பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

மூன்றாவது, இதுதான் இன்றைய உரையின் நோக்கம். மாறமாட்டார் என்று நீங்கள் முடிவு கட்டிவைத்திருக்கும் அந்த ஒருவரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வரியை வாசிக்கும்போதே ஒரு முகம் தெரிகிறது அல்லவா? ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதல்ல, இருவரில் சிறந்தவர் ஸலாமை முதலில் தொடங்குபவரே என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மூன்று நாள் என்பது உங்கள் விஷயத்தில் எத்தனை ஆண்டு ஆகிவிட்டது? அவர் பதில் சொல்லமாட்டார் என்கிறீர்களா? இருக்கலாம். ஒரு மழையில் எந்தப் பாறையும் கரைவதில்லை. ஸலாம் சொல்வது உங்கள் மீது, திருப்புவது அல்லாஹ்வின் கையில். சொத்தில் அவருக்குச் சேர வேண்டியது உங்களிடம் இருந்தால், ஸலாமோடு அதையும் அனுப்புங்கள். மதீனாவின் அமீருக்கு நெருப்பாறு வர வேண்டியிருந்தது. நமக்கும் அது வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

அவர் மாறுகிறாரோ இல்லையோ, முதல் அடி எடுத்துவைக்கும் அந்த நொடியில் ஒரு கல் மாறியிருக்கும். அது உங்கள் உள்ளம்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் படிந்த துருவைத் துடைத்து விடுவாயாக! எங்களை நெருப்பால் அல்லாமல் உன் அருளால் இளகச் செய்வாயாக! பிரிந்திருக்கும் சகோதரர்களைச் சேர்த்துவைப்பாயாக! வழிதவறிய எங்கள் பிள்ளைகளைத் திருப்பித் தருவாயாக! நாங்கள் கைவிட்டவர்களை நீ கைவிடாதிருப்பாயாக! நேர்வழிக்குப் பின் எங்களைத் தடம்புரளச் செய்யாதிருப்பாயாக! எங்கள் பெற்றோரையும் எங்களையும் மன்னித்து, உன் திருமுகத்தைக் காணும் பாக்கியத்தைத் தருவாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.